சிறு காணொளி அலைவரிசைகளும் மண்வாசனையும்

ஒரு காலத்தில் நம் நாட்டு இளைஞன் ஒருவனுக்குத் தன் ஊரைப் பற்றி ஏதேனும் சொல்லவேண்டுமென்ற வேட்கை பிறந்தால் அவன் பேனாவை எடுத்தான். கையெழுத்துப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினான். சற்று வசதி ஏற்பட்டால் அச்சகத்தின் படியேறினான். இன்று அதே வேட்கை கொண்டவன் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வயலுக்கும் கடற்கரைக்கும் சந்தைக்கும் புறப்படுகிறான். பருத்தித்துறையிலிருந்து பொத்துவில் வரை, மன்னாரிலிருந்து ஹற்றன் வரை, தமிழில் இயங்கும் சிறு காணொளி அலைவரிசைகளை, மக்கள் வழக்கிற் சொன்னால் 'சனல்'களை, எண்ணி முடிப்பது அரிது. இவற்றைப் பற்றி நமது இலக்கிய உலகம் இரு வகையாகவே இதுகாறும் பேசி வந்திருக்கிறது. ஒரு சாரார் இவையனைத்தும் குப்பையென்று முகஞ்சுளித்து ஒதுங்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார் ஊடகம் மக்கள்மயமாகிவிட்டது, இனி யாவரும் கலைஞரே என்று ஆரவாரிக்கின்றனர். இரண்டும் விமரிசனம் ஆகா. முன்னவர் பார்க்காமலே பேசுகின்றனர். பின்னவர் பார்த்ததை எடைபோடாமற் பேசுகின்றனர்.

நாமும் நண்பர் சிலரும் சேர்ந்து இத்தகைய சிறு அலைவரிசை ஒன்றைச் சில வருடங்களாக நடத்தி வருகிறோம். கூத்துக் கலைஞர், தோட்டத் தொழிலாளர், கரைவலை இழுப்போர், ஈய எழுத்துக் கோத்த பழைய அச்சுத் தொழிலாளர் ஆகியோருடன் நிகழ்த்திய உரையாடல்களே அதன் பெரும்பகுதி. அதன் பெயரை இங்கே விளம்பரப்படுத்துதல் எமது நோக்கமன்று. ஆயினும், வெளியே நின்று திரையைப் பார்ப்பவருக்குப் புலப்படாத சில விஷயங்கள் உள்ளே நின்று வேலை செய்வோருக்குப் புலப்படும். அவற்றை ஆதாரமாகக் கொண்டே இவ்வலைவரிசைகளின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் இங்கு நோக்க விழைகிறோம்.

முதலில், இந்த மேடை எவருடையது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். இது ஊர்ச் சனசமூக நிலையத்து மேடையைப் போன்ற பொது மேடையன்று. 2005 பெப்ரவரியில் அமெரிக்காவில் மூன்று இளைஞர் தொடங்கியது யூரியூப். அவர்களுள் ஒருவர் மிருகக்காட்சிச்சாலையில் யானைகளின் முன்னே நின்று பேசிய 19 வினாடிக் காட்சியே அதில் ஏற்றப்பட்ட முதற் காணொளி. அடுத்த ஆண்டே கூகிள் நிறுவனம் 165 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து அதனை வாங்கிற்று. 2007 முதல் காணொளி தயாரிப்போருக்கு விளம்பர வருவாயில் ஒரு பங்கு கொடுக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இப்போது நீண்ட காணொளிகளுக்கு அப்பங்கு 55 வீதம். குறுங்காணொளிகளுக்கு அவற்றுக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 வீதம்.

ஆனால் எல்லாருக்கும் அன்று. 2018 இல் வந்த விதியின்படி 1000 சந்தாதாரரும், கடந்த 12 மாதங்களில் 4000 மணித்தியாலப் பார்வை நேரமும் இருந்தாலன்றி அப்பங்கு கிடையாது. 2023 இல் வேறு சில வருவாய் வழிகளுக்கு இவ்வெல்லை தளர்த்தப்பட்டதெனினும் விளம்பர வருவாயைப் பொறுத்தவரை பழைய அளவே நிலைத்தது. 4000 மணித்தியாலம் என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்ப்பதாகக் கொண்டாலும் ஓராண்டுக்குள் 60,000 தடவை பார்க்கப்படல் வேண்டும். ஈழத்தில் ஒரு நல்ல சிறுகதைத் தொகுதி 500 பிரதி, மிஞ்சினால் 1000 பிரதி அச்சாகும் நிலைமையை அறிந்தவர்க்கு இந்த எண்ணின் பாரம் விளங்கும். எல்லையை எட்டாதவரின் காணொளிகளிலும் விளம்பரம் காட்டலாம், அதற்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்ற விதி 2020 இன் இறுதியில் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டில் ஏனைய நாடுகளிலும் நடைமுறைக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்தில் குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காத தொழிலாளிக்கு 'அரைப் பேர்' போடுவார்கள். இங்கே குறித்த மணித்தியாலத்தை எட்டாதவருக்கு அந்த அரைப் பேரும் இல்லை. மலையில் அட்டைக்கடி பட்டு நிற்கும் பெண்ணின் உழைப்பையும் கமராவுடன் திரியும் இளைஞனின் உழைப்பையும் நாம் ஒன்றாக நிறுக்க வரவில்லை. கணக்கு எழுதப்படும் முறையில் உள்ள ஒற்றுமையையே சுட்டுகிறோம்.

இக்கணக்கு கலையின் உருவத்தை எவ்வாறு ஆட்சி செய்கிறது என்பதே விமரிசகன் கவனிக்கவேண்டிய விஷயம். 2012 வரை எத்தனை பேர் காணொளியைத் திறந்தனர் என்பதே பெரிதாக எண்ணப்பட்டது. அவ்வாண்டில், எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பது முதன்மை பெற்றது. உடனே காணொளிகள் நீண்டன. நடுவில் விளம்பரம் செருகுவதற்குப் பத்து நிமிடம் நீளமிருத்தல் வேண்டுமென்ற விதி இருந்த காலத்தில் ஐந்து நிமிடத்தில் முடியவேண்டிய விஷயமும் பத்து நிமிடமாக இழுபட்டது. 2020 இல் அவ்வெல்லை எட்டு நிமிடமாகக் குறைந்தது. அன்று தொட்டு நம்மூர்க் காணொளிகளிற் கணிசமானவை எட்டு நிமிடத்தையும் சில வினாடிகளையும் கொண்டு முடிவதைக் காணலாம். மறுபுறத்தில் 60 வினாடிக் குறுங்காணொளி வந்தது. 2024 ஒக்ரோபரில் அது மூன்று நிமிடம்வரை நீளலாம் என்றாயிற்று. இவை இக்காலத்து யாப்பு விதிகள். வெண்பாவுக்கு ஈற்றடி முச்சீர் என்று வகுத்தவன் ஓசையை எண்ணி வகுத்தான். இந்த எட்டு நிமிடத்தை வகுத்தவன் எதை எண்ணி வகுத்தான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கலை சுருங்குவதும் நீள்வதும் புதியதா? வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒவ்வொரு வாரமும் ஒரு திடுக்கத்துடன் முடியவில்லையா? முடிந்தது, அதன் தீமையையும் நாம் கண்டோம். ஆனால் சுருக்குதல் எல்லாமே தீதென்று கூறிவிட முடியாது. நமது கூத்தின் வரலாறே இதற்குச் சான்று. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என அவை தொடர்ந்தன. இரவு முழுதும் நிகழும் ஆட்டம் ஒன்றிரண்டு மணித்தியாலத்துள் அடங்கிற்று. திரும்பத் திரும்ப வரும் பாடல்கள் குறைந்தன. ஆட்டக் கோலங்கள் செறிவு பெற்றன. பாத்திர முரண் முன்னுக்கு வந்தது. அன்றும் சிலர் முணுமுணுத்தனர். எனினும் எதை நீக்குவது, எதை வைத்திருப்பது என்ற முடிவைக் கூத்தறிந்த அண்ணாவிமாரும் நாடகமறிந்த கல்விமான்களும் ஒருங்கிருந்து எடுத்தனர் என்பதே அங்கு முக்கியம். அவர்களுடைய அளவுகோல் கூத்தின் உள்ளேயிருந்தே பிறந்தது.

காணொளித் தளமோ தயாரிப்பாளன் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுக்கிறது. எந்த வினாடியில் எத்தனை வீதத்தினர் பார்ப்பதை நிறுத்தினர் என்பதை அதன் கோடு காட்டும். தொடக்கத்து அரை நிமிடத்துள் அக்கோடு செங்குத்தாக விழுவது எந்தக் காணொளிக்கும் இயல்பு. கூத்துக் காணொளிக்கு அது பாறையிலிருந்து விழுவது போல விழும். காப்பு விருத்தம் பாடப்படுகிறது, கட்டியகாரன் வருகிறான், மத்தளம் மெல்ல எழுகிறது, அதற்குள் பார்வையாளரிற் பாதிப்பேர் போய்விட்டனர். களரியிலோ, பார்ப்போர் நடுவில் தேநீர் குடிப்பர். பிள்ளைகள் பாயிலே உறங்குவர். கொலுவரவுக்கு எழுந்து உட்காருவர். கவனம் போவதும் மீள்வதும் அக்கலையின் அமைப்பிலேயே இடம்பெற்றுள்ளன. வரைபடத்துக்குப் போனவரைத் தெரியும். உறங்கி விழித்தவரைத் தெரியாது. அந்தக் கோட்டை மட்டும் ஆசானாகக் கொள்பவன் முதலிற் காப்பை வெட்டுவான். பின்பு கட்டியகாரனை வெட்டுவான். ஈற்றில் போர்க்களத் தாளக்கட்டு ஒன்றை மட்டும் நாற்பது வினாடிக்கு வைத்திருப்பான். நாம் எமது அலைவரிசையிற் பின்பற்றுவது எளிய வழி. முழுக்கூத்தும் முழுதாகவே ஏற்றப்படுகிறது. அதற்கு அறிமுகமாக அண்ணாவியார் தாமே தேர்ந்து விளக்கும் தனிக் காணொளி ஒன்று வேறாக உண்டு. முன்னதைப் பார்ப்பவர் சிலர்; பின்னதைப் பார்ப்பவர் பலர். அச்சிலரில் ஒரு பகுதியினர் கூத்துப் பழகும் பிள்ளைகள். அவர்கள் அதை நிறுத்தி, பின்னே ஓட்டி, மீண்டும் பார்க்கிறார்கள்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

1960 களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர் சிறுகதையிலும் நாவலிலும் மக்கள் பேசும் மொழியை அவ்வாறே கையாண்டபோது, அது 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலராற் பழிக்கப்பட்டமையும், அதையொட்டி மரபு பற்றிய பெரும் விவாதம் எழுந்தமையும் யாவரும் அறிந்தவை. மீனவனும் சீவற்றொழிலாளியும் தோட்டத்துப் பெண்ணும் தத்தம் வாய்மொழியிலேயே இலக்கியத்துட் புகும் உரிமைக்காக நடந்த போராட்டம் அது. அவ்வுரிமை இன்று காணொளியில் எவர் தடையுமின்றிக் கிடைத்திருக்கிறது. 'இண்டைக்கு என்ன செய்யப்போறம் எண்டு பாப்பம் வாங்கோ' என்று ஒரு வல்வெட்டித்துறைப் பெண் அடுப்படியில் நின்று பேசுகையில், எந்தப் பண்டிதரும் குறுக்கிடுவதில்லை. ஒடியற் கூழும் பழப்புளியும் திருக்கை வறையும் அவற்றுக்குரிய சொற்களோடு பதிவாகின்றன. அகராதிக்காரர் பல வருடம் திரிந்து திரட்டவேண்டிய சொல்வளம் இந்தச் சமையற் காணொளிகளிற் சிதறிக் கிடக்கிறது என்று கூறினால் அது மிகையன்று.

ஆனால் இன்னொரு போக்கும் உண்டு. அதே வல்வெட்டித்துறையிலிருந்து வேறொரு இளைஞன் கமராவைக் கண்டதும் தன் நாக்கை மாற்றிக்கொள்கிறான். 'ஹாய் மக்களே, சப்ஸ்கிரைப் பண்ணிக்கோங்க' என்று தொடங்குகிறான். வீட்டில் 'கதைக்கிறவன்' கமராவின்முன் 'பேசுறான்'. காரணத்தைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. தளத்தின் பரிந்துரைப் பொறிக்குப் பாக்குநீரிணை தெரியாது. தமிழ் என்றால் அதற்கு ஒரே சந்தை. அச்சந்தையின் பெரும்பான்மை தமிழ்நாட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டு மக்களின் பேச்சுமொழி மீது நமக்கு யாதொரு குறையுமில்லை. மதுரைக்காரர் மதுரைத் தமிழிலும் நெல்லைக்காரர் நெல்லைத் தமிழிலும் பேசும் காணொளிகள் அவர்தம் மண்ணின் மணத்தோடு திகழ்கின்றன. இங்குள்ளவன் பின்பற்றுவது அவர்கள் எவருடைய மொழியையும் அன்று. சென்னைத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் வளர்த்தெடுத்த, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு விற்பனை மொழியையே அவன் எடுத்தாளுகிறான்.

இந்தச் சந்தைப் பிரச்சினை நமக்குப் பழையதே. தென்னிந்திய வார இதழ்கள் கட்டுக்கட்டாக வந்திறங்கிய காலத்தில் ஈழத்து எழுத்தாளன் இதே நெருக்கடியைக் கண்டான். 1970 களின் முற்பகுதியில் அவ்விதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இங்குள்ள வெளியீட்டு முயற்சிகள் சற்று மூச்சு விட்டன. காணொளிக்கு அத்தகைய சுங்க வாயில் கிடையாது. இருத்தல் வேண்டுமென்று நாம் கேட்கவும் இல்லை. நாம் கண்ட அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. நீர்கொழும்பில் ஒரு மீனவத் தாய் தமிழும் சிங்களமும் கலந்து தன் வாழ்வைச் சொன்ன காணொளியைத் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலிருந்து பலர் பார்த்தனர். விளங்காத சொற்களைக் கேட்டு எழுதினர். தம் ஊரில் அதே வலைக்கு வழங்கும் பெயரைக் கூறினர். அயலூரான் விரும்பிப் பார்ப்பது தன்னைப் போலப் பேசும் ஒருவனை அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று எமக்கு வேண்டியிருக்கவில்லை.

இனி, இவ்வலைவரிசைகளின் உள்ளடக்கத்தில் நம்மை மிகவும் உறுத்தும் பகுதிக்கு வருவோம்.

விளம்பரதாரர் எல்லாப் பார்வையாளருக்கும் ஒரே விலை கொடுப்பதில்லை. கிளிநொச்சியில் இருந்து பார்ப்பவனின் பார்வைக்குக் கொடுக்கப்படும் விலையிலும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து பார்ப்பவனின் பார்வைக்குக் கொடுக்கப்படும் விலை பன்மடங்கு அதிகம். ஆதலின், ஈழத்துத் தமிழ்க் காணொளியின் பொருளாதார ஈர்ப்பு மையம் புலம்பெயர்ந்தோர் வாழும் நகரங்களில் இருக்கிறது. ஊரைப் பிரிந்து நாற்பது வருடமான ஒருவர் தம் ஒழுங்கையையும் பனங்கூடலையும் திருவிழாவையும் திரையிற் கண்டு கண்கலங்குவதை இகழ்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. போர் விரட்டிய மக்கள் அவர்கள். ஆனால் அந்த ஏக்கத்தை விற்பனைச் சரக்காக்குபவன் ஊரை அவர்கள் விட்டுச்சென்ற வருடத்திலேயே நிறுத்திவைக்க முயல்கிறான். அவனுடைய கமராவில் கிணறு இருக்கும். கிணற்று நீரைப் பற்றிய வழக்கு இராது. கோயில் இருக்கும், அதன் வாசலில் யார் நிற்கலாம் என்ற கேள்வி இராது. வயல் இருக்கும், உரமில்லாமற் போன 2021 ஆம் ஆண்டு இராது.

இதன் உச்சந்தான் 'உதவிக் காணொளி'. இதன் அமைப்பு இன்று ஒரு வாய்பாடாகிவிட்டது. கமரா தகரக் கொட்டில் ஒன்றின் வாசலில் நிற்கிறது. உள்ளேயிருந்து ஒரு பெண் வருகிறாள். கணவன் இல்லை, பிள்ளைகள் உண்டு. எத்தனை நாள் சமைக்கவில்லை என்று கேட்கிறான் இளைஞன். அவள் சொல்லத் தயங்குகிறாள். அவன் மீண்டும் கேட்கிறான். அவள் அழுகிறாள், கமரா அவள் முகத்தை நெருங்குகிறது. பின்னணியில் வயலின். ஈற்றில் வெளிநாட்டு அன்பர் ஒருவர் அனுப்பிய பணம் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. அரிசி மூடை இறக்கப்படுகிறது. அன்பரின் பெயர் சொல்லி நன்றி கூறுமாறு அவள் பணிக்கப்படுகிறாள். அதன் முகப்புப் படத்தில் அழுத முகம் பெரிதாக ஒட்டப்படுகிறது.

இவற்றுக்குச் சார்பாகச் சொல்லப்படும் வாதத்தைத் தட்டிக் கழிக்க முடியாது. அரிசி மூடை உண்மையானது. அன்றிரவு அவ்வீட்டில் அடுப்பெரிந்தது. விமரிசனம் அடுப்பெரிக்குமா என்று கேட்டால், எரிக்காது என்பதே விடை. பணம் போய்ச் சேர்ந்ததென்பதற்குக் கொடுப்பவருக்குச் சாட்சி வேண்டும் என்பர் சிலர். சாட்சிக்கு ஒரு பற்றுச்சீட்டுப் போதும். அயலவர் இருவரின் ஒப்பம் போதும். உலகெல்லாம் காணும்படி ஒரு பெண்ணின் கண்ணீர் எதற்கு? பசித்திருப்பவள் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது. அவள் 'படமெடுக்க வேண்டாம்' என்று சொன்னால் அரிசி வருமா என்பது அவளுக்குத் தெரியாது. அவளுடைய பிள்ளை மறுநாட் பள்ளிக்கூடம் போகிறது. வகுப்பிலுள்ள ஏனைய பிள்ளைகளின் வீடுகளிலும் தொலைபேசி இருக்கிறது.

ஆனால் கலை விமரிசகனுக்கு இதனிலும் பெரிய குறை ஒன்று தெரிகிறது. இக்காணொளிகளில் வறுமைக்குக் காரணம் இல்லை. அது மழைபோல வானத்திலிருந்து விழுந்ததாகவே காட்டப்படுகிறது. அதே பெண்ணிடம் வாராந்தம் யார் வந்து பணம் வாங்கிச் செல்கிறான் என்று கேட்டால் வேறொரு கதை வெளிப்படும். போருக்குப் பிந்திய வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவளைப் பிணைவைத்துக் கடன் கொடுத்தன. ஒரு கடனை இறுக்க மறு கடன் வாங்கிப் பெண்கள் அல்லலுற்றனர். தெருவில் இறங்கிப் போராடவும் செய்தனர். 2018 இல், வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. இது ஒரு சமுதாய நாடகம். இதிற் பாத்திரங்கள் உண்டு, முரண் உண்டு, வளர்ச்சி உண்டு. உதவிக் காணொளி இந்நாடகத்தின் கதாநாயகியை எடுத்து, முரணை அகற்றிவிட்டு, அழுகையை மட்டும் வைத்துக்கொள்கிறது. பரிதாபம் என்ற ஒற்றைச் சுவையில் நின்றுவிடும் கலை எவ்வளவு கண்ணீர் சொரிந்தாலும் யதார்த்தமாகாது.

எமது அலைவரிசையில் இது தொடர்பாக ஒரு நடைமுறையைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டோம். படமெடுப்பதற்கு முன் பெறும் சம்மதம் முதற் சம்மதம் மாத்திரமே. வெட்டி ஒட்டி முடிந்த காணொளியை அவர்களுடைய வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறோம். வீட்டாரும் அயலவரும் கூடியிருந்து பார்க்கின்றனர். நீக்கச் சொன்னதை நீக்குகிறோம். பிறகு ஒரு கிழமை விட்டே வெளியிடுகிறோம். இதனாற் சில நல்ல பகுதிகள் போய்விடும், உண்மைதான். ஆனால் அங்கே கிடைக்கும் விமரிசனம் எந்தக் கருத்துப்பெட்டியிலும் கிடைப்பதன்று. பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு மூதாட்டி தான் கொழுந்து பறிக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, மலை அழகாகத்தான் இருக்கிறது, நிறுவைத் தராசு எங்கே என்று கேட்டார். சரியான கேள்வி. பசுமலையும் பனிமூட்டமும் தேயிலைக் கம்பனியின் விளம்பரத்திலும் உண்டு. கூடையின் பாரத்துக்கெனவும் ஈரத்துக்கெனவும் கழிக்கப்படும் கிலோ, சம்பளச் சீட்டு, 1000 ரூபா நாட்சம்பளத்துக்காக 2021 வரை இழுபட்ட போராட்டம், 2024 இல் 1350 ரூபா என்று வந்த வர்த்தமானி: இவற்றை அந்த மூதாட்டியும் அவருடைய மகளும் கணக்குப் போட்டுக் காட்டிய பகுதியே அக்காணொளியின் உயிர். நிலக்காட்சியை எவரும் எடுக்கலாம்.

1350 ரூபா என்ற எண்ணோடு இன்னோர் எண்ணையும் சேர்த்து நோக்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டிற்று. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. அந்த வரிசைகளைப் படமெடுத்தவர்களுட் சிலருக்கு டொலரில் வருமானம் வந்தது. ரூபாவின் வீழ்ச்சி வரிசையில் நின்றவனை வறியவனாக்கிற்று. படமெடுத்தவனின் வருவாயை உயர்த்திற்று. இதில் தனிமனிதக் குற்றம் எதுவுமில்லை. ஆயினும் பாத்திரத்துக்கும் படைப்பாளிக்கும் இடையே இப்படியொரு பொருளாதாரப் பிளவு நம் இலக்கிய வரலாற்றில் முன்னர் இருந்ததில்லை. கூலித் தொழிலாளியைப் பற்றி எழுதிய நமது சிறுகதையாசிரியன் பெரும்பாலும் அவனைப் போலவே கடன்பட்டவன்.

தொழில் நுட்பத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கமரா வாங்கப் பணமில்லையே என்று ஏங்கும் இளைஞருக்கு ஒன்று சொல்லலாம்: படம் மங்கலாயிருந்தால் மக்கள் பொறுப்பர், ஒலி தெளிவில்லையெனில் ஒரு நிமிடமும் பொறார். கடற்கரைக் காற்றில் ஆயிரம் டொலர்க் கமராவின் ஒலிவாங்கியும் இரைச்சலையே பதியும். சட்டையிற் குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்றைப் பஞ்சு உறையோடு வாங்கினால் போதும். இலங்கை வானொலியின் நாடகங்கள் கேள்வியை மட்டுமே நம்பி ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்ட நாடு இது. குரல் தெளிவாயிருந்தால் மற்றதை மனம் கட்டிக்கொள்ளும். திருவிழாவிலோ கலியாணத்திலோ படமெடுப்போர் ஒலிபெருக்கியின் சினிமாப் பாட்டுப் பதிவாகாமற் பார்த்துக்கொள்வதும் நன்று. பாட்டை இனங்கண்டு உரிமையாளருக்கு அறிவிக்கும் பொறி அத்தளத்தில் 2007 முதல் இயங்குகிறது, அது கண்டுகொண்டால் அக்காணொளியின் வருவாய் பாட்டின் உரிமையாளருக்குப் போகக்கூடும்.

'சந்தாதாரர்' என்ற சொல்லை மேலே வழங்கினோம். இச்சொல்லுக்கு நேர்ந்த கதி கவனிக்கத்தக்கது. டொமினிக் ஜீவா 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கித் தன் கையிலே சுமந்து யாழ்ப்பாணத் தெருக்களில் விற்றார். அவருடைய சந்தாதாரர் காசு கொடுத்தவர். அவர் எந்தத் தெருவில் வசிக்கிறார், சென்ற இதழைப் பற்றி என்ன குறை சொன்னார் என்பது ஜீவாவுக்குத் தெரியும். முகம் பார்த்து விற்றவருக்கு முகத்துக்கு நேரே விமரிசனமும் கிடைத்தது. இன்றைய சந்தாதாரர் ஒரு பொத்தானை அழுத்தியவர். பதினாயிரம் பேர் அழுத்தியிருப்பர்; புதிய காணொளியைப் பார்ப்போர் அதிற் சிறு பங்கினர். எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவோரும் சோர்வோரும் ஒரே தவறான கணக்கைத்தான் பார்க்கின்றனர். நமக்குப் பயன்பட்டவை வேறு அடையாளங்கள்: ஒரு தமிழாசிரியை வகுப்பிற் காட்டினார் என்ற செய்தி, காணொளியிற் கூறப்பட்ட ஆண்டைத் திருத்தி ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர் எழுதிய நீண்ட கடிதம், வலை முடியும் முறையை இன்னொருவர் வேறுவிதமாகப் படமெடுத்து அனுப்பியமை. இவ்விடத்தில் நமது சஞ்சிகைகளையும் சற்று நோகவேண்டியிருக்கிறது. மாதந்தோறும் நூல் மதிப்புரைக்கு மூன்று பக்கம் ஒதுக்குகிறோம். இலட்சக்கணக்கானோர் பார்க்கும் காணொளிக்கு மூன்று வரி இல்லை. விமரிசனம் இல்லாத இடத்தை வரைபடக் கோடு நிரப்பிக்கொள்கிறது.

கடைசியாக, பாதுகாப்பு. 'ஈழகேசரி' 1958 இல் நின்றது; அதன் பக்கங்களை இன்றும் புரட்டலாம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் நமது ஏடுகளையும் நூல்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. காணொளிக்கு அந்த நிலைமை இன்னும் முழுமையாக வரவில்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்பும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மக்கள் எழுச்சியின்போதும், இந்நாட்டில் யூரியூப் உட்பட்ட தளங்கள் முடக்கப்பட்டன. 2024 இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பதிவுகளை அகற்றப் பணிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையிற் கொடுத்தது. தளத்துக்கு உரிமையாளரான நிறுவனமும் தன் விதிப்படி ஒரு அலைவரிசையை அகற்றலாம். 90 நாளுள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை பெற்றாற் போதும். மேடையைப் பெட்டகமென்று எண்ணுவோர் பலர் தம் மூலப் பதிவுகளை இடம் போதாதென்று அழித்துவிடுகின்றனர். ஏற்றப்பட்ட எட்டு நிமிடம் எஞ்சுகிறது. அதற்காகப் பதிவான மூன்று மணித்தியாலப் பேச்சு, அண்ணாவியார் இடையில் மறந்து மீண்டும் பாடிய தரு, பேத்தி குறுக்கிட்டுக் கேட்ட கேள்வி, எல்லாம் போய்விடுகின்றன. நாட்டாரியல் ஆராய்ச்சியாளனுக்கு வேண்டியது அந்த மூன்று மணித்தியாலமே. நாம் பதிவு செய்த கூத்துகள் ஒவ்வொன்றின் முழு வடிவமும், இடம், திகதி, ஆடியோர் பெயர், ஊர் ஆகிய விபரங்களுடன் மூன்று பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று எம்மிடம் உண்டு. ஒன்று வேறு மாவட்டத்தில் நண்பர் ஒருவரிடம். மூன்றாவது அண்ணாவியார் வீட்டில், ஏட்டுப் பிரதிகள் வைத்திருக்கும் அதே தகரப் பெட்டிக்குள்.